திருமணத்துக்கு முந்திய தலசீமியா ஆலோசனை: வன்னி வைத்தியசாலையொன்றின் சேவை

தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதியளவு உருவாகாத பரம்பரைக் குருதி நோய். வன்னியிலுள்ள அரச வைத்தியசாலையொன்றின் தலசீமியாப் பரிசோதனை, ஆலோசனைச் சேவையை, சொந்த மச்சானுக்கே பேசப்பட்டிருந்த என் தங்கைக்காக அண்மையில் நாடினோம். இதைப் பிறருக்கும் பரிந்துரைக்க நான் துணிவதற்குக் காரணம், அங்கே ஆலோசனை வழங்கும் தாதிய உத்தியோகத்தர்.

அவர் முதலில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தை வரைந்தார். போரில் இறந்தவரோ காணாமற்போனவரோ இல்லாத வீடு இங்கே அரிது என்பதை அறிந்தவராக, இறப்பைக் குடையாமல், சிறுவயதில் குருதி ஏற்றப்பட்டதா, வயிறு வீங்கியிருந்ததா என்பவற்றையே கேட்டார். அம்மம்மாவின் தம்பியொருவர் மண்ணீரல் வீங்கிச் சிறுவயதிலேயே இறந்ததை மலேரியா என்றே நாங்கள் நம்பியிருந்தோம். இலங்கை மலேரியா அற்ற நாடாக 2016 இல்தான் சான்றளிக்கப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் அத்தகைய வீக்கத்துக்கு வேறு காரணம் தேடியவர் யார்? தலசீமியாக் காவிகளுக்கு, அதாவது நோயில்லாமல் அதன் பரம்பரையலகை மட்டும் சுமப்பவர்களுக்கு, மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்ததால், அந்நோய் பரவிய பிரதேசங்களில் இந்தப் பரம்பரையலகும் நிலைத்துவிட்டது என்று அவர் விளக்கியபோது, அம்மாகூட இடைமறிக்காமல் கேட்டார்.

தங்கையின் செங்குழியங்கள் சிறியவையாக இருந்தமையால், முன்னர் வேறோரிடத்தில் இரும்புச்சத்தை அளந்து பாராமலே மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரும்புக் குறைபாடும் தலசீமியாக் காவிநிலையும் சாதாரணக் குருதிப் பரிசோதனையில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும்; ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 இன் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பீற்றா தலசீமியாக் காவிநிலையே. தங்கையின் பெறுபேறு அப்படித்தான் வந்தது. "தங்கச்சி, இது வருத்தமில்லை, நீங்கள் காவி மட்டும்தான்" என்றார் மிஸ். மச்சான் காவியல்லர். இருவரும் காவிகளாயின் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஒவ்வொரு கருத்தரிப்பிலும் 25 சதவீதம். முதற்பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பும் என்று அம்மா போட்ட கணக்கையும் அவர் பொறுமையாகத் திருத்தினார். கலியாணம் செய்யலாமா என்று நாங்கள் கேட்டதற்கு மட்டும் அவர் விடை சொல்லவில்லை. அந்த முடிவு குடும்பத்துக்குரியது என்றார்.

குறை இல்லாமலில்லை. மருந்து கட்டும் வரிசைக்கு அருகில், திரை கூட இல்லாத மேசையில் இவ்வளவும் பேசவேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் பரம்பரை பற்றிய செய்தி ஊருக்குள் எப்படிப் பயணிக்கும் என்பதை நிர்வாகம் யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, இந்த அறிவு அவர் ஒருவரோடு நின்றுவிடுவது. அவர் விடுமுறையில் இருந்த நாளில் பெறுபேற்றுத்தாளைத் தந்த தாதியர், வைத்தியரைக் கேளுங்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. அதற்குரிய பயிற்சியை அவர்களுக்கு எவரும் வழங்கியதாகத் தெரியவில்லை.

செல்லவிருப்போர் அவர் கடமையிலிருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, பழைய கிளினிக் கொப்பிகளோடும் குடும்பக் கதை தெரிந்த முதியவர் ஒருவரோடும் போவது நல்லது.