"முட்டை போட்ட ஜோடி" என்று கெக்கோ விற்றால் உடனே பணத்தை நீட்டாதீர்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு கடையில் "முட்டை போட்ட ஜோடி" என்று இரண்டு கிரெஸ்டட் கெக்கோவையும் (வீட்டில் வளர்க்கும் ஒரு வெளிநாட்டுப் பல்லி வகை), டப்பாவில் அவற்றின் இரண்டு முட்டையையும் சேர்த்து எங்களிடம் விற்றார்கள். இரண்டுமே பெட்டை. முட்டைகளில் கருவே இல்லை. போய்க் கேட்டால், "நீங்க சூட்டுல வச்சிருப்பீங்க" என்கிறார்கள்.

முட்டை இருப்பது ஜோடிக்குச் சாட்சி ஆகாது. கோழி மாதிரியே கெக்கோவும் ஆண் சேராமலே முட்டையிடும். வாலடியைத்தான் பார்க்கணும்: வளர்ந்த ஆணுக்குக் கழிவுத்துளையை ஒட்டித் தெளிவான புடைப்பு இருக்கும். சின்னக் குஞ்சில் அது தெரியாது. குஞ்சைக் காட்டி "இது ஆண்" என்பது வெறும் ஊகம்.

முட்டையை இருட்டில் சின்ன டார்ச்சை ஒட்டிப் பாருங்கள். இட்டு ஓரிரு வாரம் ஆன நல்ல முட்டையில் சிவப்பு வளையமும் நரம்பும் தெரியும். கருவில்லாதது வெறும் மஞ்சளாக இருக்கும். எந்தப் பக்கம் மேலே என்று தெரிய, மேற்புறத்தில் பென்சில் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிவிடும். அதன் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகலாம். பஸ்ஸில் உருண்டு வந்த டப்பாவை வாங்கவே வேண்டாம்.

கடையில் "நம்ம வீட்டுப் பல்லி மாதிரிதான்" என்றார்களே, அதுதான் பெரிய பொய். வீட்டுப் பல்லி முட்டைக்குக் கெட்டியான சுண்ணாம்பு ஓடு. பரணில் காய்ந்து கிடந்தாலும் பொரிக்கும். கிரெஸ்டட் கெக்கோவினுடையது தோல் முட்டை, ஈரம் இல்லாவிட்டால் குழிந்துவிடும். 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு (ஈரத்தைப் பிடித்துவைக்கும் தாதுத் துகள்) 100 கிராம் தண்ணீர் கலந்து, பாதி புதைத்து, 22 முதல் 26 டிகிரியில் வைத்தால் 60 முதல் 120 நாளில் பொரிக்கும். நியூ கலிடோனியா தீவுப் பிராணி இது. 28 டிகிரிக்கு மேல் நீடித்தால் பெரிய கெக்கோவே தளர்ந்துவிடும். கத்திரி வெயிலில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னும் வருத்தம், ஒரு பெட்டைக்கு மேலண்ணத்தில் இருக்கவேண்டிய வெள்ளைச் சுண்ணாம்புப் பைகள் வற்றியே போயிருந்தன. கால்சியம் கொடுக்காமல் முட்டைமேல் முட்டை இட விட்டிருக்கிறார்கள். இப்படியே விட்டால் தாடை மெத்தென்றாகும், கால் நடுங்கும், முட்டை வெளிவராமல் உள்ளேயே தங்கி உயிர் போகும். வாங்குமுன் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். 35 கிராமுக்குக் குறைந்த பெட்டையை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. முட்டையிட நான்கு விரற்கடை ஆழத்துக்கு ஈரமான தென்னை நார்க்கழிவு வேண்டும். பேராவூரணிப் பக்கம் அது தாராளமாகக் கிடைக்கும், உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீர் அலசிக்கொள்ளுங்கள்.

பில்லில் "ஆண் 1, பெண் 1" என்று எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் "பல்லி 2" என்றுதான் இருந்தது. அதை வைத்து எதுவும் கேட்க முடியவில்லை.