சிறிய மாற்றுப் பள்ளியை எந்த எண்ணால் அளப்பது?

அமெரிக்காவில் மாற்று உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் சிறியவை. கிரெடிட் (பாடங்களை முடித்துச் சேர்க்கும் புள்ளி) குறைந்தவர்கள், படிப்பை இடையில் விட்டுத் திரும்பியவர்கள், வீடு நிலையில்லாதவர்கள், பதின்வயதிலேயே பெற்றோரானவர்கள் அங்கே சேர்கிறார்கள். அப்படி ஒரு பள்ளியின் புள்ளிவிவரத்தைப் பார்க்கும் பெற்றோர் முதல் பார்வையிலேயே பின்வாங்கிவிடுகிறார்கள். கணிதத் தேர்ச்சி 20 சதவீதத்துக்குள், டிப்ளோமா என்ற பள்ளி முடிப்புச் சான்றிதழ் பெறுவோர் பாதிப்பேர். அருகிலுள்ள வழக்கமான பள்ளியோ 90ஐத் தொட்டு நிற்கிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமில்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் மாற்றுப் பள்ளியை அளக்காமல் விடுவது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் இன்னொரு அநீதி. அளவுகோல்களில் எது தகும் என்று பார்ப்போம்.

மாநிலத் தேர்வின் தேர்ச்சி விகிதத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். கூட்டாட்சிச் சட்டம் உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் கணிதத்திலும் வாசிப்பிலும் ஒரே ஒருமுறை தேர்வு வைத்தால் போதும் என்கிறது. 60 பேர் படிக்கும் பள்ளியில் ஓர் ஆண்டில் 16 பேர் எழுதினாலே அதிகம். மாணவர்களின் அந்தரங்கத்தைக் காக்க, கூட்டாட்சிக் கல்வித் துறை சிறிய எண்ணிக்கைகளைத் துல்லியமாக வெளியிடுவதில்லை. 16 முதல் 30 பேர் எழுதினால் 20 புள்ளி அகலமுள்ள வரம்பு மட்டுமே கிடைக்கும்; 6 முதல் 15 பேர் என்றால் 50க்கு மேலா கீழா என்பது மட்டும்; ஐந்து பேருக்குள் என்றால் ஒன்றுமே இல்லை. ஆக, "20க்குள்" என்று அச்சாகியிருப்பது பூஜ்யமாகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். நான்கு மாதம் முன்பு சேர்ந்த மாணவியின் மதிப்பெண்ணில் தெரிவது அவளுடைய பழைய பள்ளிகளின் வேலைதான்.

நான்காண்டுப் பட்ட விகிதம், அதாவது ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் நான்கு ஆண்டுகளில் டிப்ளோமா பெறுவோரின் பங்கு, இதைவிட வலுவானது. 2010-11 முதல் மாநிலங்கள் ஒரே சூத்திரத்தில் கணக்கிடத் தொடங்கிய பிறகுதான் மாநிலங்களை ஒப்பிடவே முடிந்தது. தேசிய அளவில் அன்று 79 சதவீதமாக இருந்தது 2019-20இல் 87 ஆனது. படிப்பை விட்டவர்களை இந்தச் சூத்திரம் கணக்கிலிருந்து நீக்க விடுவதில்லை என்பது அதன் பெரிய பலம்.

மாற்றுப் பள்ளியிடம் வரும்போது அதே சூத்திரம் கொடுமையாகிறது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகக் கால் வைத்த ஆண்டிலிருந்தே கணக்கு ஓடுகிறது, அது எந்தப் பள்ளியாக இருந்தாலும். டிப்ளோமாவுக்கு 220 கிரெடிட் கேட்கும் பள்ளி மாவட்டத்தில், 70 கிரெடிட்டோடு பதினோராம் வகுப்பு முடிவில் ஒரு மாணவி வந்து சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஓராண்டு உழைத்து ஐந்தாம் ஆண்டில் அவள் டிப்ளோமா வாங்கினாலும், நான்காண்டுக் கணக்கில் அவள் பட்டம் பெறாதவள். அவளைப் பின்தங்க விட்ட பழைய பள்ளியோ, இடமாற்றம் என்ற பெயரில் அவளைத் தன் கணக்கிலிருந்து இறக்கிவிட்டது. அவள் வெளியேறியதாலேயே அதன் விகிதம் உயர்கிறது! இரண்டு பள்ளிகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

2015இல் வந்த கல்விச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பட்டம் பெறாத உயர்நிலைப் பள்ளிகளை மாநிலம் அடையாளம் காண வேண்டும் என்று சொன்னாலும், 100 பேருக்கும் குறைவான பள்ளிகளில் மேம்பாட்டு நடவடிக்கையைத் தவிர்க்க மாவட்டத்துக்கு மாநிலம் அனுமதி தரலாம். ஆனால் விலக்குக் கொடுப்பது அளப்பதற்கு ஈடாகாது.

ஓராண்டு விகிதம் மூன்றாவது வழி. மாணவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேர் இடர் மிகுந்தவர்களாக உள்ள பள்ளிகளுக்குக் கலிஃபோர்னியா தனித் தகுதி வகுத்து, பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று எண்ணியது. கனிவான அளவுகோல்தான். ஆனால் பதினொன்றிலேயே காணாமல் போனவர்கள் இதில் வரவே மாட்டார்கள். அதனால் என் தேர்வு ஐந்து, ஆறு ஆண்டு நீட்டித்த விகிதம். டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் அதைக் கணக்கிடுகின்றன. காலம் கொடுக்கிறது, விட்டுப்போனவர்களையும் மறப்பதில்லை. 20 பேர் கொண்ட இறுதி வகுப்பில் ஒருவர் என்றாலே 5 புள்ளி என்பதால், மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாணவர் பின்னணி எண்களிலும் இதே எச்சரிக்கை தேவை. இலவச மதிய உணவு பெறுவோரின் பங்கை வறுமையின் அளவாகக் கொள்வது வழக்கம். ஆனால் சமூகத் தகுதித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசம். சேர்வதற்கு, அரசின் பிற உதவித் திட்டங்கள் வழியே நேரடியாகத் தகுதி பெற்ற மாணவர்கள் குறைந்தது இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பும் 2023இல் 40இலிருந்து 25 ஆகக் குறைந்தது. அத்தகைய பள்ளி சில பட்டியல்களில் 100 சதவீதம் என்று நிற்கும். பக்கத்துப் பள்ளியின் 60 சதவீதத்தோடு அதை ஒப்பிட்டால், இரண்டு வறுமைகளை அல்ல, இரண்டு எண்ணும் முறைகளை ஒப்பிடுகிறோம்.

இனவாரிப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வந்துபோவோரின் எண்ணிக்கை. மாணவர் தொகை அக்டோபரில் ஒரு நாளில் எடுக்கப்படுகிறது. மாற்றுப் பள்ளியில் அதன் பிறகும் ஆண்டு முழுவதும் சேர்க்கை நடக்கும். கலிஃபோர்னியா ஆண்டின் மொத்தச் சேர்க்கையைத் தனியாக வெளியிடுவது இதனால் மிகவும் பயனுள்ளது. அக்டோபர் எண்ணைவிட அது எவ்வளவு பெரிதோ, அந்த ஆசிரியர்களின் வேலையும் அவ்வளவு கடினம்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் முதல்வரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பாதிக் கிரெடிட்டும் இல்லாமல் சென்ற ஆண்டு வந்தவர்கள் சராசரியாக எத்தனை கிரெடிட் ஈட்டினார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் வகுப்புக்கு வருகிறார்கள்? நல்ல பள்ளி இந்தக் கணக்கைத் தயாராக வைத்திருக்கும்.