ஃபோக்ட்லெண்டர் 15 மி.மீ. ஹீலியார், மூன்றாம் பதிப்பு: மூலை வரை கூர்மை இருக்கிறதா?

லைக்கா எம் கேமராவில் 15 மி.மீ. லென்ஸ் மாட்ட நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி மூலைகளைப் பற்றியதுதான். நடுப்பகுதியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அதற்கு அவசியமும் இல்லை. ஃபோக்ட்லெண்டர் சூப்பர் வைட் ஹீலியார் 15 மி.மீ. எஃப் 4.5 லென்ஸின் மூன்றாம் பதிப்பு, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்த நிலையிலேயே நடுவில் நன்றாகக் கூர்மை தரும். மூலை மங்கினால் உடனே பழி லென்ஸின் மேல் விழுகிறது. ஆனால் இவ்வளவு அகலமான லென்ஸில் மூலையைக் கெடுக்கும் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்த டெஸ்ட் படம் எதையும் நிரூபிக்காது.

எந்தப் பதிப்பு என்பது முக்கியம். 1999-இல் வந்த முதல் பதிப்பு ஸ்க்ரூ மவுன்ட், அதாவது கேமராவில் திருகி மாட்டுவது. ரேஞ்ச்ஃபைண்டரோடு (இரு பிம்பங்களை ஒன்றுசேர்த்துத் தூரம் காணும் கேமரா உறுப்பு) இணைப்பு கிடையாது, தூரத்தைக் கண்ணால் கணித்து வளையத்தில் வைக்க வேண்டும். அதோடு வெளிவந்த பெஸ்ஸா எல் கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டரும் இல்லை, வியூஃபைண்டரும் இல்லை என்பதால் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. 2009-இல் வந்த இரண்டாம் பதிப்பு எம் மவுன்டுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்புக்கும் மாறியது, உள்ளே இருந்த கண்ணாடி அமைப்பு பழையதே. ஃபிலிமில் இரண்டும் அருமை. டிஜிட்டலில், பின்பக்கக் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகே இருந்து ஒளியைச் சாய்வாக அடிப்பதால், ஓரங்களில் ஊதாவும் சிவப்பும் படியும், மூலை விவரமும் கரையும். 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்காகவே புதிதாகக் கணக்கிடப்பட்டது: 9 குழுக்களில் 11 கண்ணாடிகள், 58 மி.மீ. ஃபில்டர், எடை 247 கிராம். பழைய குட்டி லென்ஸின் அழகு போய்விட்டது, உண்மைதான். டிஜிட்டலில் எடுப்பவருக்கு அது நியாயமான விலை.

சோதனையில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஃபினிட்டி, அதாவது மிகத் தொலைவுக்கான ஃபோகஸ். 15 மி.மீ. லென்ஸ் இன்ஃபினிட்டியிலிருந்து 0.7 மீட்டர் வரை வர, கண்ணாடி மொத்தமாக நகர்வது 0.33 மி.மீ. மட்டுமே. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. லென்ஸோ கேமரா மவுன்டோ 0.05 மி.மீ. முன்தள்ளி அமைந்துவிட்டால், வளையம் இன்ஃபினிட்டியில் நிற்கும்போது உண்மையான ஃபோகஸ் 4.5 மீட்டரில் இருக்கும். எஃப் 4.5-இல் தொலைவிலுள்ள ஒரு புள்ளி சென்சாரில் விரியும் மங்கல் வட்டம் 11 மைக்ரான் ஆகும். 24 மெகாபிக்சல் லைக்கா எம்10-இல் ஒரு பிக்சல் 6 மைக்ரான் என்பதால், கிட்டத்தட்ட இரண்டு பிக்சல் அளவுக்குப் படம் முழுக்கவே மெத்தென்று ஆகிவிடும். வளையத்தை அதற்கு மேல் திருப்ப முடியாது. இதே பிழை எதிர்த்திசையில் இருந்தால், வளையத்தைக் கடுகளவு உள்ளே திருப்பினாலே தொலைவு கூர்மையாகிவிடும். ஆகவே 100 மீட்டருக்கு அப்பாலுள்ள கட்டடம் ஒன்றை ட்ரைபாட் வைத்து, எஃப் 4.5-இல், முதலில் இன்ஃபினிட்டி நிறுத்தத்திலும் பிறகு வளையத்தைச் சிறிது சிறிதாக உள்ளே கொண்டுவந்தும் எடுங்கள். நிறுத்தத்தில் எடுத்ததைவிட உள்ளே எடுத்தது கூர்மை என்றால் சமாளிக்கலாம். உள்ளே வரவர மோசமாகி, நிறுத்தத்திலும் நடுப்பகுதி மெத்தென்று இருந்தால், மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். அது மூலைப் பிரச்சினையே அல்ல. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) மாற்றத் தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

இந்த இடத்தில் ரேஞ்ச்ஃபைண்டரைச் சந்தேகிப்பது வழக்கம். 15 மி.மீ.க்கு அது பெரும்பாலும் நிரபராதி. லென்ஸின் நகர்வை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்லும் எம் கேமராவின் உருளை, ஏறத்தாழ 50 மி.மீ. லென்ஸின் நகர்வுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. 0.7 மீட்டர் வரை அது 4 மி.மீ. சொச்சம் நகரும்போது கண்ணாடி நகர்வது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உருளையில் உள்ள பிழையும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். இன்ஃபினிட்டியில் இருக்க வேண்டிய லென்ஸை ரேஞ்ச்ஃபைண்டர் 20 மீட்டரில் நிறுத்திவிட்டாலும், எஃப் 4.5-இல் தொலைவின் மங்கல் அரை பிக்சலுக்கும் குறைவு. ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிபார்க்க வேண்டுமென்றால் ஒரு மீட்டரில் பாருங்கள்: வியூஃபைண்டர் நடுவிலுள்ள பேட்ச்சில் இரு பிம்பங்களை ஒன்றுசேர்த்து ஒரு படம், லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து இன்னொரு படம். வித்தியாசம் தெரியாவிட்டால் அதோடு விடலாம். லென்ஸ் 0.5 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், ரேஞ்ச்ஃபைண்டர் 0.7 மீட்டரோடு நின்றுவிடும்; இடையில் லைவ் வியூவோ அளவு டேப்போதான் கதி.

அடுத்தது, மூலைகளைச் சோதிக்க ஒரு சுவர். 2 மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸ் பார்ப்பது 4.8 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம். கேமராவை 1.6 மீட்டர் உயரத்தில் வைத்தால் சுவரின் அடி சட்டத்தின் கீழ்விளிம்பில் சரியாக உட்காரும். செங்குத்துக் கோணம் 77 டிகிரி. நம் நிழலும் ட்ரைபாட் காலும் எளிதில் உள்ளே நுழைந்துவிடும். நிழலில் உள்ள சுவர் நல்லது. நாளிதழ் ஒட்டும் பழக்கம் இங்கே உதவாது. 2 மீட்டரில் ஒரு பிக்சல் சுவரில் 0.8 மி.மீ. இடத்தை மூடுகிறது; 2 மி.மீ. உயரச் செய்தி எழுத்துக்கு இரண்டரை பிக்சல்தான் கிடைக்கும். உலகின் எந்த லென்ஸாலும் அதைப் படிக்க வைக்க முடியாது. நடுவிலிருந்து கதிர்போல் விரியும் 36 ஜோடிக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட சீமென்ஸ் நட்சத்திரங்களை 10 செ.மீ. விட்டத்தில் அச்சடித்து நடுவிலும், இரு பக்க விளிம்புகளிலும், நான்கு மூலைகளிலும் ஒட்டுங்கள். நட்சத்திரத்தின் நடுவே கோடுகள் கரைந்து சாம்பல் வட்டமாகும். அதன் விட்டம் 23 பிக்சலை ஒட்டி இருந்தால் சென்சாரின் எல்லையைத் தொட்டாயிற்று. 40, 50 என்று விரிந்தால் அங்கே லென்ஸ் தோற்கிறது. கண்ணால் ‘பரவாயில்லை’ என்று சொல்வதைவிட இந்த ஒரு எண் எவ்வளவோ மேல்.

கேமராவைச் சுவருக்கு இம்மியும் பிசகாமல் நேராக்க முகம் பார்க்கும் கண்ணாடி, லேசர் என்று படாதபாடு படுவார்கள். 15 மி.மீ.க்கு அந்தச் சிரமம் தேவையில்லை. ஒரு டிகிரி சாய்ந்தால் 2 மீட்டரில் சுவரின் ஓரம் 4 செ.மீ. முன்பின்னாகும்; சென்சாரில் அதனால் வரும் மங்கல் அரை மைக்ரான். ஆனால் மவுன்டின் ஒரு பக்கத்தில் மாட்டிய மணல் துகள், பட விளிம்பை 0.05 மி.மீ. தள்ளினாலே அங்கே இரண்டு பிக்சல் போய்விடும். சுவரை அளக்கும் நேரத்தில் மவுன்டைத் துடையுங்கள்.

இன்னொரு குழப்பம். 2 மீட்டர் சுவரில் மூலை, கேமராவிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறதே, ஃபோகஸ் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. கணக்குப்படி ஃபோகஸ் தளம் தட்டையானது. லென்ஸிலிருந்து மூலைக்கு உள்ள குறுக்குத் தூரம் கணக்கில் வராது. ஆனால் நிஜ லென்ஸில் அந்தத் தளம் சற்று வளைந்திருக்கலாம்; மூலை மங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். இதைக் கண்டுபிடிக்க, எம்10 அல்லது எம்11-இல் பெரிதாக்கும் சட்டத்தை மூலைக்கு நகர்த்தி, எஃப் 4.5-இலேயே வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் மூலை கூர்மையானால் அது தள வளைவு. அப்பர்ச்சரை மூடினால் தீரும். எங்கே திருப்பினாலும் கரைந்தே இருந்தால், கண்ணாடியின் பிழையோ சென்சாரின் மேலுள்ள கவர் கிளாஸின் விளைவோ. எஃப் 8-இல் இதைச் செய்யாதீர்கள். எம் லென்ஸில் அப்பர்ச்சர் மூடியபடியே லைவ் வியூ வரும், எல்லாமே கூர்மையாகத் தெரிந்து ஏமாற்றும்.

நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் அது இந்த லென்ஸ் வகையின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கெட்டால் டீசென்டரிங் (உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருப்பது) என்று சந்தேகிக்கலாம். கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து மறுபடி எடுங்கள். கெட்ட மூலை சட்டத்தின் அதே இடத்தில் நின்றால் குற்றம் லென்ஸிலோ கேமராவிலோ. சுவரின் அதே இடத்தோடு போனால் உங்கள் ஏற்பாட்டில். அதே கேமராவில் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை முழு அப்பர்ச்சரில் மாட்டிப் பார்த்தால் மிச்சச் சந்தேகமும் தீரும்.

மூலையில் மரக்கிளை, மனித முகம் இவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். நேர்கோட்டை நேராகக் காட்டும் லென்ஸ், மூலையில் உள்ள பருமனான பொருளை மையத்திலிருந்து வெளிப்புறமாக மூன்று மடங்கும் குறுக்கே 1.8 மடங்கும் இழுக்கும். இலை ரப்பர்போல் நீண்டிருப்பது வடிவியல், லென்ஸின் குறை அல்ல. சுவரில் தட்டையாக ஒட்டியது மட்டும் இழுபடாது.

படத்தை ஒப்பிடும்முன் ரா (RAW) ஃபைலில் மூலையின் வெளிச்சத்தைச் சமன் செய்யுங்கள். 55 டிகிரிச் சாய்வில் ஒளி இயல்பாகவே 3 ஸ்டாப்புக்கு மேல் குறைய வேண்டும் என்கிறது கணக்கு. இந்த லென்ஸிலும் விக்னெட்டிங் (மூலை இருட்டு) கண்ணில் அடிக்கும், மூடினாலும் முழுதாகப் போகாது. இருண்ட மூலையைத் தூக்கும்போது நாய்ஸ் கிளம்பி நுண்விவரத்தைத் தின்னும். ஆகவே குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்து, நடுப்பகுதி வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டி வையுங்கள். எந்த லென்ஸ் என்று லைக்கா கேமராவுக்குச் சொல்லும் 6 பிட் குறி இந்த லென்ஸில் இல்லை. கேமராவில் லென்ஸ் கண்டறிதலை அணைத்துவிட்டுச் சோதிக்கவும். லைக்காவின் வேறு அகல லென்ஸின் புரொஃபைலை (திருத்தக் குறிப்பு) தேர்ந்தால், இல்லாத நிறக்குறைக்குத் திருத்தம் போட்டு மூலையில் புது நிறத்தைக் கொண்டுவரும்.

இப்படிச் சலித்துப் பார்த்தபின் இந்த லென்ஸைப் பற்றிச் சொல்லக்கூடியது: எஃப் 4.5-இல் நடு மிகக் கூர்மை, பக்க விளிம்புகள் நன்று, கடைக்கோடி மூலை மென்மை. எஃப் 5.6 பெரிதாக எதையும் மாற்றாது. எஃப் 8-தான் இதன் வீடு. எஃப் 11-உம் பயன்படும். அங்கே டிஃப்ராக்‌ஷன் (சிறு துளையில் ஒளி விரிந்து மங்குவது) வட்டம் 15 மைக்ரானைத் தொடும், நடுவில் மெல்லிய திரை விழத் தொடங்கும். எஃப் 16-இல் அது 21 மைக்ரான், அதாவது மூன்றரை பிக்சல். வெயில் பட்டு மின்னும் முனையில் பத்து கதிர் நட்சத்திரம் வேண்டுமென்றால் ஒழிய, அங்கே போக வேண்டாம். நேர்கோடுகள் கிட்டத்தட்ட நேராகவே நிற்கின்றன. ஓர நிறக்கறை எம்240, எம்10 இரண்டிலும் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது.

லென்ஸின் மேலுள்ள டெப்த் அளவுகோலை நம்பியும் பலர் கூர்மையை இழக்கிறார்கள். 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஃபிலிம் காலத்துக் கணக்கில் எஃப் 8-இன் ஹைப்பர்ஃபோக்கல் தூரம் (இதில் ஃபோகஸ் வைத்தால் அடிவானம் வரை அடங்கும்) ஒரு மீட்டருக்குள் வந்துவிடும். இரண்டு பிக்சல் மங்கலை எல்லையாக வைத்தால் அதுவே 2.3 மீட்டர். தொலைதூரக் காட்சிக்கு வளையத்தை ஒரு மீட்டரில் வைத்துவிட்டு ‘எல்லாம் அடங்கிவிடும்’ என்று இருந்தால், அடிவானம் மெத்தென்றே வரும். 2.5 மீட்டரில் வைத்து எஃப் 8-இல் எடுங்கள்.

60 மெகாபிக்சல் எம்11-இல் பிக்சல் 3.76 மைக்ரான். நூறு சதவீதத்தில் மூலை மோசமாகத் தெரியும். ஒரே அளவில் அச்சிட்டால் எம்10-ஐவிடக் குறையாது. சோனியில் அடாப்டர் போட்டு மாட்டுவதாக இருந்தால் அங்கே கவர் கிளாஸ் ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன், லைக்காவில் அதில் பாதிகூட இல்லை. சோனிக்காகவே வந்த ஈ மவுன்ட் பதிப்பை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய லென்ஸ் வாங்கும்போது நட்சத்திரமெல்லாம் ஒட்ட நேரம் கிடைக்காது. உங்கள் கேமராவோடு போய், கடை வாசலிலிருந்து தொலைவில் தெரியும் ஒரே பெயர்ப்பலகையை எஃப் 4.5-இல், இன்ஃபினிட்டி நிறுத்தத்தில், நடுவில் ஒன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று என ஐந்து படம் எடுங்கள். நடு கூர்மையாகவும் நான்கு மூலைகள் ஒன்றுபோலவும் இருந்தால் பேரம் பேசலாம். முன்பக்க ஃபில்டர் வளையத்தில் அடிபட்ட தடம் இருந்தால், இந்த ஐந்து படத்தையும் இரண்டாவது முறை எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.