சிறகு வைத்த அந்தப் பெண் யார்? ஃபுல்வியாவா, வெற்றித் தேவதையா?

ரோமத் தளபதி மார்க் ஆண்டனியின் மனைவி ஃபுல்வியாவின் முகம் என்று சொல்லி ஏலங்களில் வரும் வெண்கல நாணயம் ஒன்று உண்டு. அரிதானது. அடித்த ஊர் ஃப்ரிஜியாவின் யூமெனியா. இன்றைய துருக்கியில் டெனிஸ்லி மாகாணத்து இஷிக்லி. காலம் கிமு 41, 40 வாக்கில். ரோம மாகாண நாணயங்களின் பெரிய அட்டவணையில், முதல் தொகுதி, எண் 3139.

முன்பக்கத்தில் வலப்புறம் பார்க்கும் ஒரு பெண்ணின் மார்பளவு உருவம். தோளுக்குப் பின்னால் சிறகு. பின்பக்கத்தில் ஈட்டியும் கேடயமுமாக நடந்து போகும் அதீனா, கூடவே கிரேக்க எழுத்துகள்: ஃபுல்வியா ஊராரின் நாணயம், ஃபிலோனிடெஸ் மகன் ஸ்மெர்டோரிக்ஸ் என்று. (ஸ்மெர்டோரிக்ஸ் கெல்டியப் பெயர். அனடோலியாவின் உள்நாட்டு ஊரில், கிரேக்கப் பெயர் வைத்த அப்பாவுக்குக் கெல்டியப் பெயரில் ஒரு மகன்! இந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த நாணயம் பிடிக்கும்.) ஆனால் பெண்ணின் உருவத்துக்குப் பக்கத்தில் எந்தப் பெயரும் இல்லை. சண்டை முழுக்க அதனால்தான்.

ஃபுல்வியா என்பவர்களின் முதல் சான்று ஊர்ப்பெயர். கிமு 42 அக்டோபரில் ஃபிலிப்பி போரில் வென்ற ஆண்டனி கிழக்கே வருகிறார். அந்தச் சமயத்தில் யூமெனியா தன் பெயரையே ஃபுல்வியா என்று மாற்றிக்கொள்கிறது. ஒருத்தியின் பெயரை ஊருக்கே வைத்தவர்கள், நாணயத்தில் ஒரு பெண் முகத்தைப் போடும்போது அவளை நினைக்காமலா போட்டிருப்பார்கள்? இரண்டாவது சான்று தலைமுடி. நெற்றிக்கு மேலே முடியைச் சுருட்டி ஒரு புடைப்பாக நிறுத்தி, பின்கழுத்தில் கொண்டை போட்டிருக்கிறாள். இது அந்தத் தலைமுறை ரோமச் சீமாட்டிகளின் அலங்காரம். சீசரின் வாரிசு ஒக்டேவியனின் அக்கா ஒக்டேவியா, மனைவி லிவியா இருவரின் உருவங்களிலும் இதையே பார்க்கிறோம்.

அடுத்து ஒரு சான்று சொல்வார்கள்: சில நாணயங்களில் ஊர்ப்பெயரைச் சுரண்டி அழித்திருக்கிறார்கள். கிமு 41இல் ஆண்டனியின் தம்பி லூசியஸோடு சேர்ந்து ஒக்டேவியனை எதிர்த்து நின்றவர் ஃபுல்வியா. இத்தாலியின் பெரூசியா நகர முற்றுகையில் அவர் தரப்பு தோற்றதும் கிரேக்கத்துக்குத் தப்பி, கிமு 40இல் சிக்யோனில் இறந்துபோனார். அதன் பிறகு அந்தப் பெயர் ஊருக்குச் சங்கடமாகிவிட்டது. இது உருக்கமான தடயம்தான். ஆனால் சுரண்டியது பின்பக்கத்து எழுத்தை. ஊரின் பெயர் அவரால் வந்தது என்பதற்குத்தான் இது சாட்சி, முன்பக்கத்து முகத்துக்கு அல்ல. இதை முகத்துக்கும் சேர்த்துக் கணக்கு வைப்பது தவறு என்பது என் எண்ணம்.

சரி, எதிர்த்தரப்பு. ஒரு பெரும் போரில் வென்றவர் ஊருக்கு வரும்போது வெற்றித் தேவதை நைக்கியை நாணயத்தில் போடுவது இயல்பு. அதற்கு மனைவி தேவையில்லை. சிறகு வைத்த வெற்றித் தேவதையின் மார்பளவு உருவமும் புதிதல்ல. கிமு 46இல் டைட்டஸ் கரிசியஸ் ரோமில் அடித்த டினாரியஸ் என்ற வெள்ளிக் காசில் இருக்கிறது. அதற்கும் அறுபது வருடம் முன்னால் லூசியஸ் வலேரியஸ் ஃப்ளாக்கஸின் டினாரியஸில் இருக்கிறது. அச்சு வெட்டுகிறவன் தேவதைக்குத் தன் காலத்துச் சிகையலங்காரத்தை வைப்பதும் சகஜம். எல்லாவற்றையும் விட வலுவான மறுப்பு: ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் பொறித்த ஃபுல்வியா உருவம் ஒன்றுகூட இல்லை. மூக்கைப் பார், தாடையைப் பார் என்று சொல்பவர்கள் எதோடு ஒப்பிடுகிறார்கள்? அதே மாதிரி சந்தேகத்தில் இருக்கிற மற்ற நாணயங்களோடு.

அந்த மற்ற நாணயங்களில் முக்கியமானவை மூன்று. லுக்டுனத்தில், அதாவது இன்றைய லியோனில், ஆண்டனிக்காக அடித்த சிறு வெள்ளிக் குயினாரியஸ். முன்னால் சிறகுப் பெண், பின்னால் சிங்கம், ஆண்டனியின் வயது 40, 41 என்று ரோம எண்ணில். அப்புறம் ரோமில் நாணய அதிகாரிகள் முசிடியஸ் லோங்கஸும் நுமோனியஸ் வாலாவும் வெளியிட்ட ஆரியஸ் என்ற தங்கக் காசுகள். நான்கிலும் ஒரே பெண் என்று எடுத்துக்கொண்டுதான் 'ஃபுல்வியா முகம்' என்ற பேச்சே வளர்ந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ரோமின் தங்க நாணயங்களில் ஃபுல்வியாவைச் சுட்டும் ஓர் எழுத்து, ஓர் ஊர், எதுவும் கிடையாது. வாலா நாணயத்தின் மறுபக்கம் அரணைத் தாக்கும் வீரன். அதற்கு வெற்றித் தேவதையே பொருத்தம். லுக்டுனத்தில் ஆண்டனியின் வயதையே எழுதும் அளவுக்கு விஷயம் சொந்தமாக இருப்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் தயங்குவேன்.

ஒக்டேவியாவாக இருக்கலாமோ என்று அந்தக் கொண்டையைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு: ஆண்டனி அவரை மணந்தது ஃபுல்வியா இறந்த பிறகு, கிமு 40 இலையுதிர் காலத்தில். ஃபுல்வியா என்று பெயர் சூடிய ஊர் ஒக்டேவியாவின் முகத்தைப் போட வழியில்லை.

யூமெனியா நாணயத்தில் நான் ஃபுல்வியா பக்கம். முகச்சாயலுக்காக அல்ல, தேய்ந்த வெண்கலத்தில் சாயல் தேடினால் வேண்டியவர் முகமெல்லாம் கிடைக்கும். ஊர்ப்பெயரும் பெண்ணுருவமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களில் வருவதுதான் காரணம். அந்தக் கிழக்கத்திய ஊர்களுக்கு அரசியைத் தேவியாகக் காட்டுவது பழகிய வழக்கம், ஆகவே நைக்கி என்பதும் ஃபுல்வியா என்பதும் ஒன்றையொன்று தள்ளிவிட வேண்டிய விடைகள் அல்ல. ரோமில் நிலைமை வேறு. உயிரோடு இருக்கும் ஓர் ஆணின் முகமே, சீசர் முகமே, அங்கே நாணயத்தில் ஏறியது கிமு 44இல்தான். அதற்குள் தளபதியின் மனைவியைத் தங்கத்தில் பொறித்தார்கள் என்று சொல்ல இன்னும் கனமான சான்று வேண்டும்.

ஃபுல்வியா முகத்தைப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. அவரைப் பற்றி நமக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி எதிரிகள் சொன்னதும் அவர்கள் வழி வந்ததும்: பேச்சாளர் சிசரோவின் வசைகள், வெட்டிய சிசரோ தலையின் நாக்கைக் கொண்டை ஊசியால் குத்தினார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதிய கதை, பெரூசியாவில் அவர் பெயரை ஆபாசமாகப் பொறித்து எறிந்த ஈயக் கவண்குண்டுகள். அவர்பால் மரியாதையோடு செய்த ஒரு பொருளாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அது இந்த வெண்கலக் காசு. அந்த ஆசைதான் மற்ற மூன்றிலும் அவரைப் பார்க்க வைக்கிறது என்பதால், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

சேகரிப்பாளர்கள் அட்டை எழுதும்போது யூமெனியா காசுக்கு 'நைக்கி வடிவில் ஃபுல்வியா, பெரும்பாலும்' என்று எழுதலாம். லுக்டுனத்துக்கு 'வெற்றித் தேவதை, ஃபுல்வியா?' என்று கேள்விக்குறியோடு. ரோம் தங்கம் இரண்டுக்கும் 'வெற்றித் தேவதை' மட்டும் போதும், விற்பவர் விலைச்சீட்டில் என்ன போட்டிருந்தாலும்.