ஈசிஜி எடுக்காமல் 'கேஸ்' என்றால் நம்பாதீர்கள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நெஞ்சு, மேல்வயிறு, முதுகு, தாவாக்கட்டை, கை என்று எங்கே திடீரென வலியோ பாரமோ வந்தாலும், ஈசிஜி எடுக்காமல் "கேஸ்தான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். எங்கள் பெரியம்மாவை அப்படிச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெரியம்மாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. மார்கழி விடியலில் பால் கறந்துகொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "நெஞ்செல்லாம் வலிக்கல கண்ணு, தாவாக்கட்டைதான் கடுக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்குது" என்றார். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்றே நினைக்கிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பல நேரம் அப்படி வராது. குளிர்ந்த வேர்வை, குமட்டல், மூச்சு வாங்குவது, காரணமே இல்லாத அசதி, இவ்வளவுதான் தெரியும்.

பக்கத்துத் தனியார் கிளினிக்கின் பலகையில் '24 மணி நேரமும் ஈசிஜி, லேப்' என்று இருக்கும். அதை நம்பித்தான் போனோம். டாக்டர் பிரஷர் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்றார். கொள்ளுப்பருப்பு என்றதும் முடிவு செய்துவிட்டார். கேஸ் ஊசி, ஒரு பாட்டில் டிரிப்ஸ். "ஈசிஜி எடுத்துருங்க சார்" என்று அண்ணன் கேட்டதற்கு, "டெக்னீஷியன் பத்து மணிக்குத்தான் வருவார், இதுக்கெல்லாம் அது வேண்டாம்" என்று பதில். ஊசிக்கு அப்புறம் பெரியம்மா கொஞ்சம் தேவலை என்றார். அதைச் சொல்லியே அனுப்பிவிட்டார்கள். பில்லில் 'எமர்ஜென்சி' கட்டணம் தனியாகப் போட்டிருந்தார்கள்.

கேஸ் மருந்துக்கு வலி குறைந்தால் அது கேஸ் என்று அர்த்தமில்லை. மாரடைப்பு வலியும் விட்டு விட்டு வரும்.

மதியம் மறுபடி வேர்த்துக் கொட்டியது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்தார். அண்ணி கொடுக்க விடவில்லை. பிரஷர் இறங்கியிருந்தால் அந்த மாத்திரை ஆளையே சாய்த்துவிடும் என்று கோவை டாக்டர் அப்புறம் சொன்னார். கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் முதல் வேலையே ஈசிஜிதான். வந்த 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் முறை. இதயத்தின் கீழ்ச்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. வயிற்றுக் கோளாறு போலவே காட்டும் வகை இது. குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். ஆனால் ரத்தம் கிடைக்காமல் போன தசை திரும்ப வரவில்லை; இப்போது தொழுவம் வரை நடந்தாலே மூச்சு இளைக்கிறது.

முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் கிளம்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசை அடிபட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ரத்தத்தில் ட்ரோபோனின் ஏற சில மணி நேரம் ஆகும் என்பதால் ஒரே தடவையில் முடிவு சொல்ல முடியாது. ஸ்டென்ட் வைக்கும் வசதி தூரத்தில் இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. 12 மணி நேரத்துக்குள் போடுவார்கள், முதல் சில மணி நேரத்தில்தான் அதற்குப் பலன் அதிகம்.

நோயாளியை வண்டி ஓட்ட விடாதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்தும் கூட்டிப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நம் பக்கம் டவர் மாறி அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போவதுண்டு. எடுத்ததும் கேரளம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா என்று சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் என்ற மூன்று மாத்திரைகளையும் முதல் டோஸாக அங்கேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

அந்தக் கிளினிக்கில் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேட்டோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. 'அசிடிட்டி' என்று எழுதிய ஒரு சீட்டுதான் வந்தது. அதையும் பில்லையும் பலகையின் போட்டோவையும் சேர்த்து மாவட்ட மருத்துவ அலுவலரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் உங்கள் சீட்டையும் பில்லையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நீங்களும் அந்த அலுவலரிடமே எழுதிக் கொடுக்கலாம்.