பழைய புராஜெக்டைக் கைமாற்ற கிட்ஹப் ‘டிரான்ஸ்ஃபர்’ போதுமா?

பொழுதுபோக்காக எழுதி வயதாகிப்போன மென்பொருளைப் புதியவரிடம் ஒப்படைக்க, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் இந்த வசதி பெருமளவு போதும். ரெப்போவின் (புராஜெக்டின் கோப்புகள் இருக்கும் இடம்) செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில், ‘டேஞ்சர் ஸோன்’ பகுதியில் இருக்கிறது. கோடு (நிரல்) மட்டுமல்ல, இஷ்யூ (பிழை, கோரிக்கைப் பதிவுகள்), விக்கி, ஸ்டார் (பயனர்கள் இட்ட நட்சத்திரங்கள்) எல்லாம் கூடவே போகும். பழைய முகவரிக்கு வருபவர்களையும் புதியதற்குத் திருப்பிவிடும்.

சிக்கலெல்லாம் ஓரங்களில்தான். பெறுபவர் அதே ரெப்போவை ஃபோர்க் செய்து (தன் கணக்கில் நகலெடுத்து) வைத்திருந்தால் மாற்ற முடியாது. அதிலுள்ள கிளைகளைத் தன் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, ஃபோர்க்கை அவர் நீக்க வேண்டும். மாற்றத்தை ஏற்கும்படி அவருக்கு வரும் அழைப்பை ஒரு நாளுக்குள் ஏற்காவிட்டால் காலாவதி. பழைய கணக்கில் அதே பெயரில் இன்னொரு ரெப்போ திறந்தால் திருப்பிவிடுதல் அறுந்துவிடும். ரெப்போவிலிருந்தே வெளியாகும் இணையதளமான கிட்ஹப் பேஜஸுக்கோ திருப்பிவிடுதலே கிடையாது; பெரிய குறை இதுதான். வெப்ஹுக் (பிற சேவைகளுக்குத் தானாகத் தகவல் அனுப்பும் இணைப்பு), சீக்ரெட் (ரகசியக் குறியீடுகள்), டிப்ளாய் கீ (சர்வர்கள் ரெப்போவை அணுகும் சாவி) எல்லாம் ஒட்டிக்கொண்டே போகும் என்பதால் முன்பே துடைத்துவிடுங்கள்.

பைபிஐ (பைத்தான் தொகுப்புகளை வெளியிடும் தளம்) உரிமை, டொமைன் (இணைய முகவரி) இரண்டும் இதில் சேராது, தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆளைச் சோதிக்கும் வேலையையும் கிட்ஹப் செய்யாது. 2018இல் ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு முன்பின் தெரியாதவர் கைக்குப் போய், பிட்காயின் திருடும் கோடு நுழைந்தது நினைவிருக்கலாம். முதலில் புதியவரைக் கொலாபரேட்டராக (கூட்டுப் பங்களிப்பாளராக) சேருங்கள்; ஒரு வெளியீட்டை அவரே தயாரிக்கட்டும். டிரான்ஸ்ஃபர் அதற்குப் பிறகு.