சுவோனில் நாலு வருஷமாக நான் சாப்பிடும் கறுப்பு நூடுல்ஸ்

கொரியாவில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு 'சுங்குக்ஜிப்' இருக்கும். சீன வீடு என்று பொருள். ஆனால் அங்கே கிடைப்பது கொரியர்கள் தங்களுடையதாக்கிக்கொண்ட சீனச் சாப்பாடு. 1883இல் இஞ்சோன் துறைமுகம் திறந்தபின் சீனாவின் ஷான்டோங் பகுதியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ்தான் ஜாஜாங்மியோன் என்ற இந்தக் கறுப்பு நூடுல்ஸ் ஆனது. சுன்ஜாங் என்ற சோயா விழுதில் பிற்பாடு கேரமல் சேர்த்தார்கள். அந்தக் கறுப்பும் லேசான இனிப்பும் அதனால் வந்தவை.

சுவோன் நகரில் என் அறையிலிருந்து ஏழு நிமிட நடையில் உள்ள கடைக்கு நாலு வருஷமாகப் போகிறேன். முதல் வருஷம் முழுக்கச் சாதா ஜாஜாங்மியோன்தான். ஒருநாள் பக்கத்து மேசைப் பெரியவருக்குக் குழம்பு தனிக் கிண்ணத்தில் வந்தது. அது கான்ஜாஜாங். சாதாவுக்கு மாவு கரைத்த குழம்பு முன்கூட்டியே தயாராக இருக்கும். கான்ஜாஜாங்கை நாம் கேட்ட பிறகுதான் மாவுக்கரைசல் இல்லாமல் வதக்குவார்கள். வெங்காயம் பல்லில் நறுக்கென்று கடிபடும், வாணலியின் புகை வாசம் அப்படியே இருக்கும். 1,500 வோன் கூடுதல். தயங்காமல் கொடுக்கலாம். சாதாவில் இன்னொரு சங்கதி: மெதுவாகச் சாப்பிட்டால் பாதியிலேயே குழம்பு நீர்த்துவிடும். குச்சி வழியாகப் போகும் எச்சில் மாவை உடைத்துவிடுகிறது. அதனால் வந்த உடனே நன்றாகப் பிசறி, சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

இதே காரணத்தால் வீட்டுக்கு வரவழைப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு தடவை நூடுல்ஸ் ஒரே கட்டியாக வந்தது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரித்தேன். போன கோடையில் கடையில் சமையல்காரர் மாறியபோது ஒரு மாதம் உப்புத் தூக்கலாக இருந்தது. சொன்னேன், அடுத்த வாரமே சரியாகிவிட்டது.

காரம் வேண்டுமென்றால் ஜம்போங். சிப்பியும் கணவாயும் போட்ட சிவப்புச் சாறு, குளிர்காலத்தில் மூக்கடைப்பே திறந்துவிடும். இரண்டும் வேண்டுமா, நடுவில் தடுப்பு வைத்த கிண்ணத்தில் பாதி பாதியாக ஜம்ஜாமியோன் தருவார்கள். நாலு பேராகப் போனால் டாங்சுயுக் சொல்லுங்கள், மாவில் முக்கிப் பொரித்த பன்றி இறைச்சி. இனிப்புப் புளிப்புக் குழம்பை மேலே ஊற்றுவதா, தொட்டுக்கொள்வதா என்று கொரியர்களுக்குள் தீராத சண்டை உண்டு. நான் தொட்டுக்கொள்ளும் கட்சி. மொறுமொறுப்பு போனால் அதில் என்ன இருக்கிறது?

பன்றி சாப்பிடாதவர்கள் கவனிக்கவும்: ஜாஜாங் குழம்பிலும் பெரும்பாலும் அது இருக்கும், உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும் பச்சை வெங்காயமும் இலவசம், தீர்ந்தால் கூசாமல் இன்னும் கேட்கலாம்.

அப்புறம், கிண்ணத்தில் மிஞ்சும் குழம்பை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். 1,000 வோனுக்கு ஒரு கிண்ணம் சோறு தருவார்கள். அதைக் கொட்டிப் பிசைந்து, ஒரு துண்டு முள்ளங்கியைக் கடித்துக்கொள்ளுங்கள்.